மூன்று நாள் விருந்தாளி

இத்தாலியில் இருக்கிற பலெர்மோவுக்கு நான் போனது சுறா வறை செய்வதற்காக. ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகள் ஜெசிந்தாவுக்கு அங்கே முதல் பிள்ளை பிறந்திருந்தது. பால் கொடுக்கிறவளுக்குச் சுறா வறையும் சரக்குக்கறியும் சமைத்துக் கொடுக்க ஆள் இல்லை. மருமகன் அன்ரன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். நல்ல பிள்ளை, ஆனால் உள்ளியைத் தோல் உரிக்காமலே கறிக்குள் போடுகிறவர். ஆகவே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், கொழும்பையே இரண்டு தரம்தான் கண்ட நான், விமானம் ஏறினேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களான எங்களுக்கு விமானம் என்றால், சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓட வைக்கிற சாமான். அதற்குள்ளேயே ஏறி இருக்க, ஒருத்தி சிரித்தபடி சோறு கொண்டுவந்து தருவாள் என்று யார் நினைத்தது? இறங்கும்போது ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல். சில்லு நிலத்தில் முட்டியதும் உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள், நாடகம் முடிந்தது போல. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் என்னைப் பார்ப்பார்களே என்ற வெட்கம்.

மகளின் வீடு பல்லரோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில். முதல் நாள் விடிய, கீழே பெரிய சண்டை. ஆண்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போய்விட்டேன்.

"என்னம்மா, எங்கை ஓடுறியள்?" என்றாள் ஜெசிந்தா.

"கீழை வெட்டுக்குத்துப் பிள்ளை."

"அது கத்தரிக்காய் விக்கினம் அம்மா. ஒவ்வொரு நாளும் உப்பிடித்தான்."

கத்தரிக்காயை அப்படி விற்கிற ஊரை நான் கண்டதில்லை. ஆனால் கத்தரிக்காய் நல்ல கத்தரிக்காய். கடலைமாவைக் கரைத்துத் தட்டையாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். எங்கள் வடைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி. மண்ணீரலையும் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். அதை அன்ரன் மட்டும் சாப்பிடட்டும்.

இன்னொன்றும் எங்கள் ஊர் போலவே இருந்தது. தண்ணீர் இல்லை. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். வந்தால் மாடிப்படி முழுக்க ஒரே கூச்சல். வாளி, பானை, போத்தல் எல்லாவற்றோடும் முற்றத்துக் குழாய்க்கு ஓட வேண்டும். சண்டைக்குள் குண்டுமணி கூட எடுக்காமல் ஓடி வந்த எங்களுக்குத் தண்ணீருக்கு ஓடுவது ஒரு ஓட்டமா? எனக்கு அந்தக் கட்டடத்தில் முதல் நிம்மதி அங்கேதான் வந்தது.

வாளி தூக்கும்போதுதான் முன்வீட்டுக்காரரைக் கண்டேன். அறுபது வயதுக்கு மேல், நல்ல உயரம், முதுகு வளையாத மனிதர். என் இரண்டு வாளிகளையும் கேட்காமலே வாங்கி மூன்றாம் மாடியில் வைத்தார். பெயர் பெஸ்னிக். அல்பேனியா என்ற நாட்டில் இருந்து, கப்பல் நிறைய ஆட்கள் தப்பி வந்தார்களே, அப்படி வந்தவர். பக்கத்தில் கார் நிறுத்தி விடுகிற இடத்தில் காவல் வேலை. ஒற்றை அறை, தனி ஆள். கதவைத் திறந்து, முற்றத்தைப் பார்த்த திறந்த நடைக்கு வந்தால் முதலில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பார். பிறகுதான் படி இறங்குவார். சந்தைக்காரர்கள் அவரைக் 'கொமந்தாந்தே', கப்டன் என்பது போல, கூப்பிட்டுப் பகிடி பண்ணுவார்கள். மீன் கடைக்காரன், "கொமந்தாந்தே, இண்டைக்கு மேல் வீடு எப்பிடி?" என்பான். இவர் வானத்தைப் பார்த்து, "பத்து மணிக்கு மழை" என்றால், சந்தை முழுக்கத் துணி எடுத்து மூடிவிடும். மழையும் வரும்.

ஒரு நாள் வெங்காயம் முடிந்துவிட்டது. பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் முடியாமல் ஜெசிந்தா வாசல் தாண்டக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். நாங்கள் வேதக்காரர்தான், ஆனாலும் முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான். எனவே நானே முன்வீட்டுக்குப் போனேன். போய், கதவைத் தட்ட வெட்கப்பட்டு நின்றேன். கனநேரம் நின்றேன். அவர் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தார். திறந்ததும் வானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

அவர் இத்தாலியனில் சொல்ல, ஜெசிந்தா எங்கள் வாசலில் நின்று எனக்குத் தமிழில் சொன்னாள். "அவையின்ரை மலையிலை ஒருத்தரும் கதவு தட்டுறேல்லையாம் அம்மா. முத்தத்திலை நிண்டு, 'வீட்டுக்காரரே, விருந்தாளி ஏற்பியளோ?' எண்டு கூப்பிடுறதாம். உள்ளை இருக்கிறவர் 'வாருங்கோ' எண்டு சொல்லிப்போட்டால் பிறகு மாத்தேலாதாம். வாசலிலை எதிரி நிண்டாலும் உள்ளை விடோணுமாம். நல்ல கதிரையிலை இருத்தி, தன்ரை கையாலை கோப்பி குடுக்கோணுமாம். விருந்தாளி ஒரு கரண்டியைக்கூடத் தூக்கக் கூடாதாம்."

"உது நல்ல சட்டம். வெங்காயம் இருக்கோ எண்டு கேள்."

அந்தக் கூப்பிடும் வார்த்தையை அவர் தன் பாஷையிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் வெங்காயமோ எலுமிச்சங்காயோ வேண்டுமென்றால் அவர் வாசலில் நின்று மெதுவாக அதைச் சொல்வேன். உள்ளேயிருந்து பெரிய குரலில் "வாருங்கோ" என்று பதில் வரும். அவர் பாஷையில் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டும்தான்.

சுறா தேடிச் சந்தைக்குப் போனதும் அவரோடுதான். வாளைப் போல மூக்கு நீண்ட பெரிய மீனின் தலையை ஐஸ் மேல் நட்டு வைத்திருந்தான் கடைக்காரன். சுறாவை எப்படிக் கேட்பது? உள்ளங்கையை முதுகில் செட்டை மாதிரி நிறுத்திக் காட்டினேன். கடைக்காரன் சிரித்து, தான் ஒரு ஒட்டகம் போல நடந்து காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. பெஸ்னிக் ஐயா மீன் பெட்டிகளின் பின்னால் போய், தோலுரித்து வைத்திருந்த ஒரு மீனைக் கிள்ளி என் மூக்கருகே கொண்டுவந்தார். மணந்தேன். பால்சுறாதான்! கறிவேப்பிலைக்கு மொறீசியஸ் ஆட்களின் கடை. அந்தக் கடைக்காரி நெற்றியில் குங்குமம், பெயர் தேவி, பாட்டனார் தமிழராம். வாயைத் திறந்தால் பிரெஞ்சு. என் கையைப் பிடித்து 'அம்மா' என்று மட்டும் சொன்னாள், விலை குறைக்கவில்லை.

அன்றைக்கு வறையில் ஒரு கோப்பை அவருக்கும் போட்டு மூடி, கொண்டுபோக எழும்பினேன். அன்ரன் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். "மாமி, அவரை ஆரெண்டு நினைச்சியள்? அந்த நாட்டிலை சண்டை விமானம் ஓட்டினவர். பதக்கமெல்லாம் வாங்கின ஆள்" என்றார்.

கோப்பையைத் திருப்பிக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் அவர் வாசலில் நான் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வாசலில் நாலு தோடம்பழம் இருந்தது. எனக்குச் சுகமில்லையென்று நினைத்திருக்கிறார்.

"என்னம்மா இது? பாவம் மனுசன்" என்றாள் ஜெசிந்தா.

"குண்டு போட்டவரோ எண்டு கேள்."

"உப்பிடிக் கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை. கேட்டாத்தான் நான் சோறு குடுப்பன்."

அவரை எங்கள் குசினி மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். சனத்தின் மேல் ஒருநாளும் போட்டதில்லை என்றார் அவர். பழகுவதற்குச் சீமெந்தில் செய்த குண்டு போடுவார்களாம். ஒருமுறை அது வழி தவறி ஒரு கழுதையின் மேல் விழுந்துவிட்டதாம். கழுதைக்காரன் முகாம் வாசலில் வந்து இருந்து அழுதானாம். "அந்தக் கழுதையின்ரை பேரும் சொல்லுறார் அம்மா" என்றாள் ஜெசிந்தா. பெயரைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் எழும்பி வறையைச் சூடாக்கினேன்.

சாப்பிட்டபடியே அன்று தன் கதையைச் சொன்னார். ஆட்டுக்காரன் மகன். கெட்டிக்காரன் என்று பதினெட்டு வயதில் ருஷியாவுக்கு அனுப்பி விமானம் ஓட்டப் படிப்பித்தார்களாம். ஒருமுறை மலைக்கு மேலே இயந்திரம் நின்றுவிட்டது. குதிக்கச் சொல்லிக் கீழேயிருந்து கட்டளை. குதித்தால் விமானம் ஒரு ஊரின் மேல் விழும். குதிக்காமல் சோளக் காட்டுக்குள் இறக்கினார். நாட்டுத் தலைவரே தன் கையால் நெஞ்சில் நட்சத்திரம் குத்தினாராம். பேப்பரில் படம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பாட்டுப் படித்தார்கள்.

பிறகு அந்தத் தலைவர் ருஷியாவோடு கோபித்துக்கொண்டார். கோபம் வந்ததும் ருஷியாவில் படித்தவர்கள் எல்லாரும் உளவாளிகள் ஆகிவிட்டார்கள். உடனே இல்லை, ஆறுதலாக, வருடா வருடம், ஒருவர் பின் ஒருவராக. முதலில் பெரிய தளபதி. இவரைக் கூப்பிட்டு, 'தளபதி துரோகி என்று கையெழுத்துப் போடு' என்றார்கள். இவர் போடவில்லை. அடுத்த வாரம் விமானத்தில் இருந்து இறங்கும்போது, ஏணியடியிலேயே பிடித்து நட்சத்திரத்தைச் சட்டையோடு கிழித்தார்கள். குற்றம் என்ன? தனக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்த ருஷிய வாத்தியாருக்குப் புதுவருட வாழ்த்து அனுப்பியது.

"எத்தினை வருசம் மறியல்?" என்று கேட்டேன்.

பதினாறு வருடச் சிறை, செம்புச் சுரங்கத்தில். வானத்தில் இருந்தவனை மண்ணுக்குக் கீழே வைத்தார்கள் என்றார். மனைவியை விவாகரத்து எழுதச் சொல்லி, எழுதிய பிறகும் மகளோடு ஒரு சேற்றுக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். அவ அங்கேயே செத்துப்போனா. மகளைப் பற்றிச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'நல்ல மீன்' என்று எழும்பிப் போய்விட்டார்.

மகள் இருப்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து கடிதம் வரும். திறக்காமலே திருப்பி அனுப்பச் சொல்லி இவளிடம் கொடுப்பாராம். நாலு கடிதம் அப்படிப் போனது. கடைசிக் கடிதத்தின் பின்புறத்தில் இவள் தன் பெயரை எழுதிவிட்டிருக்கிறாள். இப்போது இவள் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது, இத்தாலியனில். அந்த நாட்டுக்காரர்கள் களவாக இத்தாலி டெலிவிஷன் பார்த்துப் பழகிய பாஷையாம். 'கப்பலில் இத்தாலிக்கு வந்து, வியாழக்கிழமை ரயிலில் அங்கே வருகிறேன். என் பெயர் ட்ரிதா. அப்பாவிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்பிவிடுவேன், இனி எழுத மாட்டேன்.'

அவரை இருத்தி வாசித்துக் காட்டினாள். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார், இவள் தமிழில் சொன்னாள்:

"அவளுக்குப் பதினேழு வயசிலை பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் முன்னாலை எழும்பி, 'எனக்கு அப்பா இல்லை' எண்டு வாசிச்சவளாம். வீட்டுப் படத்திலை இருந்து தகப்பன்ரை முகத்தைக் கத்தரிக்கோலாலை வெட்டினதும் அவளாம். மறியலிலை வந்து ஒருத்தன் சொன்னவனாம். அண்டையிலை இருந்து தனக்கும் மகள் இல்லையாம்."

நான் ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினேன்.

"அவருக்குச் சொல்லு பிள்ளை. ஆமி பொடியளைத் தேடி வீடு வீடாய் வரேக்கை, உன்ரை அண்ணன்ரை படம் எல்லாத்தையும் நான்தான் அடுப்பிலை போட்டனான். கோயிலிலை எடுத்த முதல் நன்மைப் படமும். இவன் எங்கடை பிள்ளையில்லை, உப்பிடி ஒருத்தனும் இந்த வீட்டிலை இல்லை எண்டு ஆமிக்காரனுக்குச் சொன்னதும் நான்தான். அவன் எங்கை எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. நான் அவன்ரை தாயில்லையோ எண்டு கேள்."

ஜெசிந்தா பாதியில் நின்றுவிட்டாள். அண்ணனின் படம் ஒன்றாவது வேண்டும் என்று என்னோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்தவள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

பெஸ்னிக் ஐயா எழும்பினார். "நீங்கள் எரிச்சது பயத்திலை, வீட்டுக்குள்ளை. அவள் வாசிச்சது ஊருக்கு முன்னாலை. நான் ஸ்டேசனுக்குப் போகமாட்டன்" என்றார்.

வியாழக்கிழமை அன்ரனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டாம் நாள். மிச்சம் நான்தான். அன்ரன் ஒரு கடதாசியில் வழி கீறித் தந்தார். "மாமி, நடந்தால் பத்து நிமிசம். பஸ் ஒண்டும் ஏற வேண்டாம். நேரை போங்கோ."

நேரேதான் போனேன். இடையில் மூச்சு வாங்க ஒரு கம்பத்தடியில் நின்றேன். அது பஸ் நிற்கிற இடம். பக்கத்தில் நின்ற தடித்த மனுசி என் கடதாசியைப் பார்த்து ஏதோ கேட்டா. நான் தலையை ஆட்டினேன். பஸ் வந்ததும் என் இடுப்பில் கை வைத்து உள்ளே ஏற்றிவிட்டா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு அன்பாக ஏற்றுகிறாவே! பஸ் போனது, போனது, கடைசியில் கடற்கரையில் போய் நின்றது. நீலக் கடல், வெள்ளை மணல். நான் அழுதுகொண்டு இருந்தேன். சாரதி கடதாசியை வாங்கிப் பார்த்து, தலையில் கை வைத்து, என்னைத் தனக்குப் பின்னால் இருத்தி, தன் பிஸ்கட்டில் பாதி தந்து, திருப்பிக் கொண்டுவந்தார். ஸ்டேசனுக்குப் போகிற அடுத்த பஸ்ஸுக்கு என்னைக் கைமாற்றிவிட்டபோது இரண்டரை மணித்தியாலம் பிந்தியிருந்தது.

நல்லகாலம், ரயில் மூன்று மணித்தியாலம் பிந்தியிருந்தது.

ஆட்கள் இறங்கினார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மண்ணிறக் கோட்டு, கயிற்றால் கட்டிய பெட்டி. ஸ்டேசன் வாசலுக்கு வந்தாள். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். பிறகு படி இறங்கினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "ட்ரிதா" என்றேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை என்று கண்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மூன்றாம் மாடி வரை ஏறினோம். அவர் கதவின் முன்னால் நின்று தட்டக் கையை ஓங்கினாள். கை அப்படியே கீழே வந்தது. மறுபடியும் ஓங்கினாள். மறுபடியும் வந்தது. நானும் அதே இடத்தில் அப்படி நின்றவள்தானே. அவளைப் பக்கத்தில் தள்ளி நிறுத்திவிட்டு, என் வாழ்க்கையில் போடாத சத்தம் போட்டு, அவர் சொல்லித் தந்த வார்த்தையைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்காரரே, விருந்தாளி ஏற்பியளோ?

உள்ளேயிருந்து வழக்கமான பெரிய குரல்: "வாருங்கோ!"

கதவு திறந்தது. வெங்காயம் ஒன்று கையில் ஆயத்தமாக இருந்தது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் கறுத்தது. என்னை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. ஆனால் வாயால் சொல்லிவிட்டார், மாற்ற முடியாது. ஒரு பக்கமாக விலகி வழி விட்டார்.

நான் கெட்டிக்காரி என்று அன்று இரவு அன்ரன் கை தட்டினார். அடுத்த நாள்தான் பிழை தெரிந்தது. ட்ரிதா எங்கள் குசினியில் வந்து இருந்து அழுதாள்.

"அவர் தன்ரை கட்டிலைக் குடுத்திட்டு நிலத்திலை படுக்கிறாராம் அம்மா" என்றாள் ஜெசிந்தா. "நல்ல கதிரையிலை இருத்தி, தானே கோப்பி போட்டுக் குடுக்கிறாராம். கோப்பையைக் கழுவ எழும்பினால் வாங்கி வைக்கிறாராம். 'நீங்கள்' எண்டு மரியாதையாய்க் கதைக்கிறாராம். அடிச்சாலும் பரவாயில்லை, இது ஏலாது எண்டு சொல்லுறாள்."

விருந்தாளி என்று கூப்பிட்டு விட்டது நான். அவர் அவளை விருந்தாளியாகவே வைத்திருந்தார். வெள்ளியும் சனியும் அப்படியே போயின. நான் செய்துகொடுத்த புட்டை இரண்டு பேரும் ஒரே மேசையில், தெரியாத ஆட்கள் போல இருந்து சாப்பிட்டார்கள். பூசைக்குப் போன இடத்தில் எனக்கு வேறு மன்றாட்டு வரவில்லை.

ஞாயிறு காலை ட்ரிதா பெட்டியைக் கயிற்றால் கட்டிவிட்டாள். பின்னேரம் ரயில். விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு நின்றாள். அப்போது மாடிப்படியில் கூச்சல் எழும்பியது. தண்ணீர்! கதவுகள் அடித்துத் திறந்தன. பெஸ்னிக் ஐயா முதலிலேயே முற்றத்தில் நின்றார். குழாயடியில் பன்னிரண்டு பேர். அவருடைய இரண்டு கைகளிலும் நிறைந்த வாளிகள், குழாய்க்குக் கீழே மூன்றாவது வாளி நிரம்பி வழிகிறது, பின்னால் நின்ற மனுசி தன் பானையைத் தள்ளுகிறாள்.

அவர் தலையை நிமிர்த்தினார். இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை, எங்கள் யன்னலைப் பார்த்தார்.

"ட்ரிதா!"

கட்டடமே அதிரக் கத்தினார். பிறகு ஏதோ ஏச்சு. அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தைதான், ஆனாலும் விளங்கியது. என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய், வந்து வாளியை எடு! வேறு என்ன? தகப்பன்மாரின் அந்தத் தொனி எங்கேயும் ஒன்றுதான்.

பிள்ளையை என் கையில் போட்டுவிட்டு அவள் சப்பாத்தும் போடாமல் ஓடினாள். வாளியை எடுத்து, பாதித் தண்ணீரைப் படியில் ஊற்றிக்கொண்டு மேலே வந்தாள். அவர் பின்னால் ஏசிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடியில் ஏசினார், மூன்றாம் மாடியில் ஏசினார். நனைந்த படியைக் காட்டி மறுபடி ஏசினார். அவள் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பது போல ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பவும் கீழே ஓடினாள். ஆறு தரம் ஓடினாள். எங்கள் தொட்டியையும் அவர்கள்தான் நிரப்பினார்கள்.

பின்னேர ரயில் அவள் இல்லாமல் போனது.

அடுத்த நாள் வெங்காயத்துக்குப் போனேன். வாசலில் நின்று வழக்கம்போல மெதுவாகக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து "வாருங்கோ" என்றது ஒரு பெண் குரல்.